ஏட்டில் ஏறாத உறக்கம்

பெரும்பாலான விமானிகள் தம் வாழ்நாளில் எழுதி முடிக்கிற ஒரே புத்தகம், லாக்புக் என்று அவர்கள் அழைக்கிற பறத்தல் பதிவேடுதான். ஒரு பயணத்துக்கு ஒரு வரி. தேதி, விமானத்தின் வகை, அதன் பதிவெழுத்துகள், புறப்பட்ட ஊர், இறங்கிய ஊர், பகலில் பறந்த நேரம், இரவில் பறந்த நேரம், தலைமை விமானியாகவா துணை விமானியாகவா என்ற விவரம். பெயரடையும் வினையடையும் அண்டாத உரைநடை அது. முப்பது ஆண்டுப் பணி சில தடித்த ஏடுகளுக்குள் அடங்கிவிடும். இன்று பலரிடம் அந்தத் தடித்த ஏடுகளும் இல்லை. கைப்பேசியிலோ கையடக்கக் கணினியிலோ இருக்கும் ஒரு மென்பொருள் அந்த வரிகளைச் சேர்த்துவைக்கிறது, கூட்டிச் சொல்கிறது, எல்லை நெருங்கினால் எச்சரிக்கிறது.

இதில் இலக்கியப் பத்திரிகை வாசகர்களுக்கு என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு மனிதனின் உழைப்பை யார் எழுதுகிறார்கள், எந்தச் சொற்களில் எழுதுகிறார்கள், எதை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள் என்பவை நமக்கு அந்நியமான கேள்விகள் அல்ல. நாவலிலும் தன்வரலாற்றிலும் காலங்காலமாகக் கேட்டுவந்த கேள்விகளையே இங்கே ஓர் அட்டவணையின் முன் நின்று கேட்கிறோம். நமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விமானியின் வேலை நேரத்தைக் கணக்கிடும் மென்பொருள்கள் தேவையானவை. அவை இல்லாமல் இன்றைய விதிகளைக் கடைப்பிடிப்பதே கடினம். ஆனால் அவை எண்ணுவது நேரத்தை. களைப்பு வேறு பொருள். இரண்டையும் ஒன்றென எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது. களைப்பை எழுதுவதற்கு அந்த ஏட்டிலேயே ஓர் இடம் வேண்டும். அதை எழுதுகிற உரிமை விமானியிடம் இருக்க வேண்டும்.

நாம் இதை எழுதும் அமிர்தி, வேலூருக்குத் தெற்கே ஜவ்வாது மலையின் மடியில், காட்டோடையையும் சிறு விலங்கியல் பூங்காவையும் கொண்ட இடம். இரவில் நகர வெளிச்சம் அதிகம் எட்டாத வானம். விண்மீன்களுக்கு நடுவே சிமிட்டிக்கொண்டு நகரும் விளக்குகளை நள்ளிரவுக்குப் பிறகும் பார்க்கலாம். இதே மலைத்தொடரில், காவலூரில், வைனு பாப்பு வானோக்கு நிலையம் இருக்கிறது. 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு தொடங்கி, 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கியையும் கொண்டிருக்கும் நிலையம். இரவு முழுக்க விழித்திருப்பது வானியலாளருக்கும் தொழில்தான். அவரும் ஏட்டில் நேரத்தை எழுதுகிறார்: எந்த விண்மீன், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் ஒளி சேகரிக்கப்பட்டது. கூடவே வானம் எப்படி இருந்தது என்பதையும் எழுதுகிறார். மெல்லிய மேகம் படர்ந்ததா, காற்று கலங்கியிருந்ததா, ஈரம் மிகுந்திருந்ததா. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அந்த இரவின் எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பின்னால் வாசிப்பவருக்குத் தெரியாது.

விமானியின் ஏட்டில் வெளிவானத்துக்கு இடம் உண்டு. மேகத்துக்குள் கருவிகளை மட்டுமே நம்பிப் பறந்த நேரத்துக்குத் தனிக் கட்டமே இருக்கிறது. விமானிக்குள் இருக்கும் வானிலைக்குக் கட்டம் இல்லை. மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு வந்தவரின் வரியும் எட்டு மணி நேரம் தூங்கிவிட்டு வந்தவரின் வரியும் அதில் ஒன்றுபோலவே இருக்கும்.

*

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு பறந்து வந்தார். அங்கிருந்து அந்தத் தபாலைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். வழியில் பெல்லாரியில் இரவு தங்கல். அந்தச் சிறிய ஒற்றை என்ஜின் விமானத்தை இருட்டில் இறக்குவதற்கான வசதிகள் வழியில் இருக்கவில்லை. அன்று ஓய்வை விதிப்பதற்கு அரசாணை தேவைப்படவில்லை. இருட்டே அதைச் செய்தது.

பிறகு ஓடுபாதைகளில் விளக்குகள் வந்தன. ராடார் வந்தது, தானியங்கிப் பறப்பு வந்தது. இருட்டு விமானியை நிறுத்தும் வல்லமையை இழந்தது. அது விட்டுச்சென்ற இடத்தைச் சட்டம் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1937ஆம் ஆண்டின் இந்திய விமான விதிகளில் 42ஏ என்ற விதி, தொடர்ச்சியான 30 நாட்களில் 125 மணி நேரத்துக்கு மேல் ஒரு விமானி பறக்கக் கூடாது என்றது. பென்சிலும் காகிதமும் போதும், எவரும் கூட்டிப் பார்த்துவிடக்கூடிய கணக்கு.

இன்றைய கணக்கு அப்படிப்பட்டதல்ல. முதலில், எண்ணப்படும் பொருளே இரண்டு. புறப்படுவதற்காக விமானம் முதலில் அசைந்த கணம் தொடங்கி, இறங்கி இறுதியாக நிற்கும் கணம்வரை பறக்கும் நேரம். பணிக்கு வந்துவிட்டதாக விமானி அறிவித்த கணத்திலிருந்து நீள்வது பணி நேரம். விமான நிலையத்தில் மூடுபனிக்காகக் காத்திருந்த மூன்று மணி நேரம் முதலாவதில் வராது, இரண்டாவதில் வரும். இவற்றுக்கு ஒரு நாளுக்கான வரம்பு தனி, ஏழு நாளுக்கான வரம்பு தனி, 28 நாளுக்கான வரம்பு தனி, 365 நாளுக்கு 1000 மணி நேரப் பறத்தல் என்ற வரம்பு தனி. இவை நாட்காட்டியின் வாரமும் மாதமும் ஆண்டும் அல்ல. ஒவ்வொரு நாளும் ஒரு நாள் முன்னகரும் சாளரங்கள். இன்று பறந்தால் இன்றோடு முடியும் ஏழு நாட்களின் கூட்டுத்தொகை என்ன, நாளை மறுநாள் என்ன ஆகும் என்று ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பாகப் பார்க்க வேண்டும்.

இதற்கு மேல் கடிகாரச் சிக்கல். பயண நேரங்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் எழுதப்படுகின்றன. ஓய்வுக்கோ உள்ளூர் இரவு கணக்கு. ஜனவரி முதல் தேதி நள்ளிரவு கழிந்து அரை மணிக்குச் சென்னையிலிருந்து கிளம்பும் விமானம், உலகப் பொது நேரப்படி டிசம்பர் 31 இரவு ஏழு மணிக்கே கிளம்பிவிடுகிறது. எந்த நாளின் கணக்கில், எந்த ஆண்டின் கணக்கில் அதை வைப்பது? பணி முடித்துக் களைத்து அறைக்குத் திரும்பிய ஒருவரிடம் இந்தக் கூட்டல் கழித்தலை ஒப்படைப்பது கொடுமை. லாக்டென் போன்ற மென்பொருள்கள் இதை நொடியில் செய்துவிடுகின்றன. நிறுவனம் அனுப்பும் பணி அட்டவணையை உள்வாங்கி, அடுத்த வாரம் வியாழனன்று எந்த வரம்பு உடையும் என்றுகூட முன்கூட்டியே காட்டிவிடுகின்றன. விதி மீறப்பட்ட பிறகு கண்டுபிடிப்பதற்கும், மீறப்படுமுன் மறுப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. மென்பொருளைக் குறைசொல்வது நம் நோக்கமல்ல என்று மறுபடியும் சொல்லிக்கொள்கிறோம்.

சொல்லப்போனால், எண்ணும் கருவி மாறினால் உண்மையும் வெளிவரக்கூடும் என்பதற்கு இந்தியாவிலேயே உதாரணம் இருக்கிறது. 2025 ஜூன் 20 அன்று, ஏர் இந்தியாவின் பணியாளர் அட்டவணைப் பொறுப்பிலிருந்து மூன்று அதிகாரிகளை நீக்கும்படி சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஆணையிட்டது. உரிமம், ஓய்வு, அண்மைப் பயிற்சி ஆகியவற்றில் குறையிருந்தும் விமானிகள் பணியில் அமர்த்தப்பட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. குறைகள் தெரியவந்த விதம் கவனத்துக்குரியது. அந்நிறுவனம் ஆர்ம்ஸ் என்ற பழைய மென்பொருளிலிருந்து சிஏஇ நிறுவனத்தின் புதிய மென்பொருளுக்கு மாறியபோது நடந்த சரிபார்ப்பில் அவை வெளிப்பட்டன. நிறுவனமே அவற்றை ஒப்புக்கொண்டு தெரிவித்தது. அதற்கு முந்திய ஆண்டு, 2024 மார்ச்சில், பணி நேர, ஓய்வு விதிமீறல்களுக்காக அதே நிறுவனத்துக்கு 80 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டிருந்தது.

மென்பொருள் தானாகப் பொய் சொல்வதில்லை என்று இதிலிருந்து ஆறுதல் கொள்ளலாம். அதைக் கையில் வைத்திருப்பவர் யார் என்ற கேள்வி மட்டும் மிஞ்சும். கையால் எழுதப்பட்ட ஏட்டுக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். இப்போது விமானத்தின் கருவிகளே அசைந்த நேரத்தையும் நின்ற நேரத்தையும் தரையிலிருக்கும் கணினிக்கு அனுப்பிவிட, அட்டவணையிலிருந்து பெயர் வந்து ஒட்டிக்கொள்ள, வரி தானே எழுதப்பட்டுவிடுகிறது. விமானி அதை வாசிப்பவராகிவிடுகிறார். தன் உழைப்பின் வரலாற்றைப் பிறர் எழுதித் தரப் படிக்கும் நிலை எழுத்தோடு பழகிய எவருக்கும் சற்று உறுத்தும்.

*

உறுத்தல் வெறும் உணர்ச்சி சார்ந்ததல்ல என்பதை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். இரண்டு விமானிகளை வைத்துக்கொள்வோம். ஒருவர் இரவு ஒன்பது மணிக்குப் பணி முடிக்கிறார். மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் திரும்ப வேண்டும். மற்றவர் காலை ஒன்பது மணிக்குப் பணி முடிக்கிறார். அன்றிரவே ஒன்பது மணிக்குத் திரும்ப வேண்டும். இருவருக்கும் ஓய்வு பன்னிரண்டு மணி நேரம். முதலாமவர் உண்டு, உறங்கி, விழித்து வந்துவிடுவார். இரண்டாமவர் சென்னையின் மே மாத வெயிலில், குக்கர் விசிலுக்கும் தெருவில் போகும் காய்கறி வண்டிக்காரரின் கூவலுக்கும் பிள்ளைகளின் இரைச்சலுக்கும் நடுவே கண்ணை மூடிக் கிடப்பார். ஓய்வு என்ற கட்டத்தில் இருவருக்கும் விழும் எண் ஒன்றுதான்.

மனித உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதிகாலை இரண்டு மணி தொடங்கி ஆறு மணிவரையிலான நேரத்தில் விழிப்பு ஆகத் தாழ்ந்துவிடுகிறது என்று விமானத் துறையின் விதிகளே ஒப்புக்கொண்டு அதற்குத் தனிப் பெயர் கொடுத்திருக்கின்றன. அந்த நேரத்தில் விழித்திருப்பது மனவுறுதியைப் பொறுத்ததல்ல.

2010 மே 22 அன்று நடந்தது நமக்கு மறந்திருக்காது. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் காலை ஆறு மணியளவில் மங்களூரின் மேசைநில ஓடுபாதையைத் தாண்டி ஓடிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. இருந்த 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். இரவில் போய் இரவோடிரவாகத் திரும்பும் பயணம் அது. விசாரணையில் விமானியறை ஒலிப்பதிவைக் கேட்டபோது, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட அந்தப் பதிவின் முதல் ஒரு மணி நாற்பது நிமிட அளவுக்குத் தலைமை விமானி உறங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. குறட்டை ஒலி பதிவாகியிருந்தது. உயரம் மிகுதியாக இருந்தபோதும் இறங்கும் முயற்சியைக் கைவிடாதது நேரடிக் காரணம் என்றது விசாரணை. துணை விமானி மறுபடி மேலேறச் சொல்லியும் அது நடக்கவில்லை. நீண்ட உறக்கத்திலிருந்து எழுந்தவுடன் அறிவின்மேல் படிந்திருக்கும் மந்தம் இதற்குத் துணைக் காரணமாக இருந்திருக்கலாம் என்றும் சொன்னது.

உறங்கியவரைப் பழிப்பது எளிது. இப்படியும் பார்க்க வேண்டும்: அந்த இரவு எந்தப் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தாலும் மங்களூர், துபாய், இத்தனை மணி, இத்தனை நிமிடம் என்று இரண்டு வரிகளாகவே எழுதப்பட்டிருக்கும். ஏடு சொல்ல முடியாததை ஒலிப்பதிவுக் கருவி சொன்னது. ஆனால் அது விபத்துக்குப் பிறகு மட்டுமே திறந்து வாசிக்கப்படும் நூல்.

அதற்கு முந்திய ஆண்டு, 2009 பிப்ரவரி 12 அன்று, அமெரிக்காவின் பஃபலோ நகருக்கருகே கோல்கன் ஏர் விமானம் ஒன்று வீட்டின்மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் துணை விமானி அந்தப் பணிக்காக முந்தின இரவு சியாட்டிலிலிருந்து மெம்பிஸ் வழியாகச் சரக்கு விமானங்களில் ஏறி நியூவார்க் வந்து சேர்ந்திருந்தார். தலைமை விமானி அதற்கு முன் ஓர் இரவை விமான நிலையத்திலிருந்த பணியாளர் அறையில் கழித்திருந்தார். பணி நேரம் வந்து அறிவித்த கணத்தில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய இரவு யாருடைய ஏட்டிலும் இல்லை. வேலூரில் குடும்பத்தை வைத்துக்கொண்டு மீனம்பாக்கத்தில் அதிகாலைப் பணிக்குப் போகிறவர் ஒருவரை எண்ணிப் பார்த்தால் இது நமக்கு இன்னும் விளங்கும். களைப்பு விபத்துக்கு எந்த அளவுக்குக் காரணம் என்று வரையறுக்க முடியவில்லை என்றே அமெரிக்க விசாரணை வாரியம் சொன்னது. ஆனாலும் இறந்தவர்களின் குடும்பத்தினர் விடாது போராடியதில் சட்டம் மாறியது. 2014 ஜனவரி 4 முதல் அங்கே புதிய விதிகள். பணிக்கு முன் பத்து மணி நேர ஓய்வு, அதற்குள் எட்டு மணி நேரம் இடையூறின்றித் தூங்குவதற்கான வாய்ப்பு. அதோடு, ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் தான் தகுதியான நிலையில் இருப்பதாக விமானி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற விதி. கடிகாரம் சொல்வது போதாது, மனிதனின் வாக்குமூலம் வேண்டும் என்று சட்டம் ஏற்றுக்கொண்ட இடம் அது. சரக்கு விமானிகளை இந்த விதிகளிலிருந்து விலக்கியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். களைப்புக்குப் பயணி, பார்சல் என்ற பேதம் தெரியாது. செலவுக் கணக்குக்குத் தெரிந்திருக்கிறது.

*

இலக்கியத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. க்ரியா வெளியிட்ட ‘குட்டி இளவரசன்’ வழியாகத் தமிழில் நமக்கு நெருக்கமான அந்த்வான் து செந்த் எக்சுபெரி, அஞ்சல் விமானியாக இருந்தவர். 1931இல் வந்த அவருடைய ‘இரவுப் பறத்தல்’ நாவலின் மையம் விமானியைவிட அவரை அனுப்பும் மேலதிகாரி ரிவியேர்தான். ரயிலும் கப்பலும் இரவிலும் ஓடுகையில் விமானமும் இரவில் பறந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பகலில் வென்ற நேரத்தை இரவில் இழந்துவிடுவோம் என்பது அவருடைய வாதம். ஒரு விமானி புயலில் தொலைந்துபோன பிறகும் அடுத்த விமானம் கிளம்புகிறது. பெரிய நாவல்தான், நாமும் விரும்பி வாசித்ததுதான். ஆயினும் அது விதைத்த ஒரு படிமம், களைப்பை வெல்வதே வீரம் என்ற படிமம், இன்னும் நம்மிடம் இருக்கிறது. தூங்காமல் வேலை செய்தவரைப் பற்றி வியந்து பேசுகிறோம். தூக்கம் வந்ததால் வேலையை மறுத்தவரைப் பற்றி அப்படிப் பேசுகிறோமா?

தமிழ்நாட்டின் நினைவில் இன்னொரு மரபும் உண்டு. 1923 மே 1 அன்று சென்னையில் சிங்காரவேலர் மே தினத்தைக் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையின் நாள் அது. சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம்தரும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பின் காரணமாக அவ்வாண்டு மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். மணிக்கணக்கு என்பது கணக்கு மட்டுமே அல்ல என்று இந்த மண் அறிந்திருக்கிறது.

எண்களை எப்படி வாசிப்பது என்பதில்தான் சண்டை நடக்கிறது. 2024 ஜூனில் தெற்கு ரயில்வேயின் லோகோ பைலட்டுகள் வாராந்திர ஓய்வுக்காகப் போராடினார்கள். பணி முடித்துத் தலைமையிடம் திரும்பியவருக்கு உரிய 16 மணி நேரமும் வாராந்திர ஓய்வான 30 மணி நேரமும் சேர்ந்து 46 என்பது அவர்கள் வாசிப்பு. முப்பதுக்குள் பதினாறும் அடக்கம் என்பது நிர்வாகத்தின் வாசிப்பு. இரு தரப்பும் ஒரே விதியைத்தான் கையில் வைத்திருந்தன. மென்பொருளில் எந்த வாசிப்பை எழுதி வைக்கிறோமோ அதையே அது விசுவாசமாகக் கூட்டிக்கொடுக்கும்.

*

2025 டிசம்பரை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். 2024 ஜனவரியில் தலைமை இயக்குநரகம் பணி நேர விதிகளைத் திருத்தியது. வாராந்திர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவு என்பது நள்ளிரவிலிருந்து காலை ஐந்துவரை என்றிருந்தது ஆறுவரை என நீண்டது. இரவுப் பணியில் ஆறு முறைவரை இறங்கலாம் என்றிருந்தது இரண்டாகச் சுருங்கியது. களைப்பு பற்றி விமானிகள் தரும் அறிக்கைகளையும் அவற்றின்மேல் எடுத்த நடவடிக்கைகளையும் நிறுவனங்கள் காலாண்டுக்கொரு முறை சமர்ப்பிக்க வேண்டும், அறிக்கை தந்தவரைத் தண்டிக்கக் கூடாது என்றும் சேர்க்கப்பட்டது. நல்ல விதிகள். 2024 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்திருக்க வேண்டியவை. நிறுவனங்களின் எதிர்ப்பால் தள்ளிப்போயின. விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்காடிய பிறகு, 2025 ஜூலை 1, நவம்பர் 1 என இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன.

ஆக, விதி எழுதப்பட்டதற்கும் முழுமையாக அமலுக்கு வந்ததற்கும் இடையே ஏறத்தாழ இருபத்திரண்டு மாதங்கள் இருந்தன. உள்நாட்டுப் பயணிகளில் அறுபது சதவீதத்துக்கும் மேலானவர்களை ஏற்றிச்செல்லும் இண்டிகோவிடம் டிசம்பர் முதல் வாரத்தில் புதிய விதிப்படி பறப்பதற்குப் போதுமான விமானிகள் இருக்கவில்லை. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. நிலையங்களில் பெட்டிகள் குவிந்தன. திருமணத்துக்கும் தேர்வுக்கும் மருத்துவத்துக்கும் கிளம்பியவர்கள் தரையில் படுத்தார்கள். அவர்களின் கோபம் நியாயமானது.

அந்த நெருக்கடியில் தளர்த்தப்பட்டது எது? அன்றே, விடுப்பை வாராந்திர ஓய்வுக்கு ஈடாகக் கணக்கிடக் கூடாது என்ற விதி திரும்பப் பெறப்பட்டது. இரவுப் பணி தொடர்பான விதிகளிலிருந்து இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு தரப்பட்டது. சில நாட்கள் கழித்துத்தான் பயண அட்டவணையைப் பத்து சதவீதம் குறைக்க ஆணை வந்தது. முதலில் வளைந்தது உறக்கம், பிறகே அட்டவணை. ஒரு சமூகம் எதை முதலில் விட்டுக்கொடுக்கிறது என்பதிலிருந்து அது எதை மதிக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். விமானிகளின் உடல் டிசம்பர் 4 அன்று எப்படி இருந்ததோ அப்படியேதான் 6 அன்றும் இருந்தது. மாறியது, மென்பொருளில் சிவப்பாகத் தெரிந்த கட்டங்கள் பச்சையாகத் தெரிந்ததுதான்.

*

மாற்றாக என்ன செய்யலாம்? களைப்பையே கணிக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டனவே என்பார்கள். வந்திருக்கின்றன. பணி அட்டவணையை உள்ளிட்டால் எந்த மணியில் எவ்வளவு விழிப்பு இருக்கும் என்று கணித மாதிரிகள் எண் தருகின்றன. ஏர் இந்தியா அத்தகைய ஒன்றைப் பயன்படுத்தத் தொடங்கியது. மணிக்கட்டில் அணியும் கருவியைக் கொண்டு களைப்பை அளக்கும் சோதனையை 2023இல் இண்டிகோ அறிவித்தது. பயனுள்ளவையே. ஆனால் மாதிரிகள் தருவது சராசரி மனிதனின் களைப்பு. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையோடு இரவைக் கழித்தவரை அவை அறியா. மணிக்கட்டுக் கருவியோ, அது சேர்க்கும் விவரம் யாருக்குச் சொந்தம் என்று தீர்மானிக்கப்படாதவரை, பாதுகாப்பாகவும் இருக்கலாம், வேவாகவும் இருக்கலாம்.

நாம் முன்வைப்பது எளியது. பறத்தல் பதிவேட்டில், கையெழுத்து ஏடாயினும் மென்பொருளாயினும், ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும். அதற்கு அளவுகோலும் தயாராக இருக்கிறது. விமானத் துறை ஆய்வுகளில் பயன்படும் சாம்ன்-பெரெல்லி அளவுகோலில் ஏழு படிகள்: ஒன்று என்றால் முழு விழிப்பு, ஏழு என்றால் செயல்பட முடியாத களைப்பு. பணிக்கு முன் ஓர் எண், பின் ஓர் எண். எழுதுவதற்குச் சில நொடிகள். அந்த எண்ணை எழுதுபவர் விமானி மட்டுமே. நிறுவனத்தால் அதைத் திருத்த முடியக் கூடாது. பதிவின் முழுப் பிரதி விமானியோடு இருக்க வேண்டும், அவர் வேலை மாறும்போது அவரோடு போக வேண்டும். தனிமனிதரின் எண்கள் இரகசியமாக இருக்கட்டும். எந்தத் தடத்தில், எந்த நேரப் பயணத்தில் ஐந்தும் ஆறும் அதிகம் விழுகின்றன என்ற கூட்டுத்தொகை பொதுவில் வெளியாக வேண்டும். டிக்கெட் விலையை ஒப்பிட்டுப் பார்க்கிற பயணி அதையும் பார்க்கட்டும்.

விமானிகள் பொய்யாக எழுத மாட்டார்களா என்ற கேள்வி வரும். சிலர் எழுதலாம். வேலைக்கு அஞ்சி ஐந்தை இரண்டென்று எழுதுபவரும் இருப்பார், சோம்பி இரண்டை ஐந்தென்று எழுதுபவரும் இருப்பார். காவலூரிலும் ஒருவர் வானம் தெளிவு என்று பொய்யாக எழுதிவிட முடியும். அதற்காக வானத்தைப் பற்றி எழுதும் வழக்கத்தை வானியலாளர்கள் விட்டுவிடவில்லை. பல இரவுகளின், பல கைகளின் குறிப்புகளை ஒப்பிடும்போது பொய் தனித்துத் தெரிந்துவிடுகிறது. முன்னூறு பேர் உயிரை ஒப்படைத்து ஏறும் ஒருவரிடம், ‘இன்று எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்டு அவர் சொல்வதை நம்ப மாட்டோம் என்றால், அவர் ஓட்டும் விமானத்தில் ஏறுவதற்கும் நியாயம் இல்லை.

இதில் நமக்கும் ஒரு கடமை உண்டு. விமான நிலையத்தில் காத்திருக்கையில், பணியாளர்களின் ஓய்வு விதி காரணமாகப் பயணம் தாமதம் என்ற அறிவிப்பு எப்போதாவது கேட்கும். கேட்டவுடன் பெருமூச்சும் வசையும் எழுகின்றன. என்ஜினில் கோளாறு, சரிசெய்துகொண்டிருக்கிறோம் என்று சொன்னால் அதே கூட்டம் சற்றே அமைதியாகக் காத்திருக்கிறது. இரண்டும் ஒரே வகை அறிவிப்பு என்பதை உணர நமக்கு இன்னும் சில காலம் ஆகும் போலிருக்கிறது. அதுவரை, விடியற்காலை நான்கு மணிக்குத் தன்னால் முடியாது என்று சொல்கிற விமானிக்குச் சட்டமும் மென்பொருளும் தருவதைவிடக் கூடுதலான துணை, காத்திருக்கச் சம்மதிக்கும் பயணிகளிடமிருந்துதான் வர வேண்டும்.